குன்னூரில் பல் சிகிச்சை முடித்து ஷார்ஜா திரும்புபவர் மருந்து கொண்டு போவது எப்படி?

கேள்வி: கோத்தகிரி_குமார்

எல்லாருக்கும் வணக்கம். அக்கா குடும்பம் ஷார்ஜாவுல இருக்காங்க. ஜூலைல மூணு வாரம் லீவுல வர்றாங்க. பல் வேலையை இங்கயே முடிச்சிடலாம்னு குன்னூர்ல ஒரு கிளினிக்ல பேசி வச்சிருக்கோம். கீழ்த்தாடைல ஒரு கடைவாய்ப்பல் பிடுங்கணும், ஏற்கெனவே காலியா இருக்கிற இடத்துல ஒரு இம்பிளான்ட் (தாடை எலும்புல திருகு வச்சு, அது மேல கட்டுற செயற்கைப் பல்), மேல ஒரு ரூட் கெனால். முடிஞ்சதும் கோயமுத்தூர்ல இருந்து நேரா ஷார்ஜா ஃப்ளைட்.

டாக்டர் எழுதித் தர்ற மருந்தை அங்க கொண்டு போறதுல என்ன பிரச்சினை வரும்? வலி மாத்திரைக்காகவே ஏர்போர்ட்ல பிடிச்சு வச்சுக்குவாங்கன்னு சொல்றாங்க. மாமா பயந்து போய் ஒரு மாத்திரைகூட வேண்டாம்ங்கிறார். அக்கா பி.பி. மாத்திரை வேற சாப்பிடுறாங்க. சீட்டு எப்படி இருக்கணும், எவ்வளவு எடுத்துட்டுப் போகலாம், எதை இங்கயே விட்டுடணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பதில் 1: ஃபார்மசிஸ்ட்_நீலகிரி

குமார், பல்லுக்கு வழக்கமா எழுதுற மருந்துகளால அமீரகத்துல சிக்கல் வராது. அமாக்சிசிலின்-கிளாவுலானிக் 625, மெட்ரோனிடசோல் 400, அசிக்ளோஃபினாக்-பாராசிட்டமால், பான்டோப்ரசோல் 40, குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ், இதெல்லாம் சீட்டோட, சொந்த உபயோகத்துக்கு உண்டான அளவுல போனா போதும். மாமா சொல்றபடி ஆன்டிபயாடிக்கைப் பாதியில நிறுத்திட்டுப் போறதுதான் தப்பு.

பயப்பட வேண்டியது டிரமடோலுக்கு. பல் பிடுங்கினா வலி அதிகமா இருக்கும்னு சிலர் டிரமடோல் 37.5, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரையை எழுதுவாங்க. அட்டையில பிராண்டு பேர் பெரிசா இருக்கும், டிரமடோல்ங்கிறது கீழே பொடி எழுத்துல இருக்கும். வாங்குறவங்களுக்கு அது ஏதோ பாராசிட்டமால் மாதிரிதான் தெரியும். இந்தியாவுலயே 2018 ஏப்ரல்ல இருந்து டிரமடோல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வந்தாச்சு. அமீரகத்துல அது கட்டுப்பாட்டு மருந்து. முன் அனுமதி இல்லாம பத்து மாத்திரை கொண்டு போனாலும் குற்றம்தான். இந்திய டாக்டர் சீட்டு மட்டும் காப்பாத்தாது.

கண்டுபிடிக்க ஒரு வழி. அட்டையோட பின்பக்கம் இடது மேல் மூலையைப் பாருங்க. சாதாரண சீட்டு மருந்துல 'ஆர்எக்ஸ்' குறி மட்டும் இருக்கும். போதைச் சட்டத்துக்குள்ள வர்ற மருந்துல அதுக்கு முன்னால ஒரு 'என்' சேர்ந்து 'என்ஆர்எக்ஸ்'னு இருக்கும். டிரமடோல், டயஸபாம், அல்பிரசோலாம், கோடீன் எல்லாத்துலயும் இதைப் பார்க்கலாம். அந்த 'என்' இருந்தா பெட்டியில வைக்காதீங்க.

அடுத்தது, எங்க தொழில்லயே நடக்கிற விஷயம். அஞ்சு நாளைக்கு வேளைக்கு ஒண்ணா மூணு வேளைன்னா 15 மாத்திரை. அட்டையில 10 இருந்தா ஒரு முழு அட்டை, இன்னொண்ணுல பாதி வெட்டித் தருவோம். பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அட்டையோட ஒரு ஓரத்துலதான் அச்சாகி இருக்கும். வெட்டினதுல அந்த ஓரம் கடையில தங்கிட்டா, உங்க கையில இருக்கிறது பேர் பாதி, தேதி இல்லாத அஞ்சு மாத்திரை. சுங்கத்துல நிக்கிறவர் அது என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்குவார்? அதனால, வெளிநாடு போறதுன்னு கடையில சொல்லி, பேரும் தேதியும் இருக்கிற பக்கத்தையே கேட்டு வாங்குங்க. டப்பாவோட வர்ற மருந்துன்னா டப்பாவையும் வாங்கிக்குங்க. முதல்ல வெட்டின துண்டைச் சாப்பிட்டுட்டு, முழு அட்டையைப் பயணத்துக்கு வைக்கிறது இன்னும் நல்லது.

பில் இல்லாம வாங்காதீங்க. நோயாளி பேர், டாக்டர் பேர், மருந்து, பேட்ச், காலாவதி, எண்ணிக்கை எல்லாம் பில்லுல வரும். சீட்டுல 15னு இருந்தா பில்லுலயும் 15. "இருக்கட்டும்"னு ரெண்டு அட்டை கூட வாங்கிட்டுப் போனா சீட்டுக்கும் பைக்கும் கணக்கு ஒத்துவராது, அங்கதான் கேள்வி ஆரம்பிக்கும்.

ஜூலைன்னு சொன்னதால இதையும் சொல்லிடுறேன். கிளாவுலானிக் சேர்ந்த மாத்திரை ஈரத்துக்கு ஆகாது. தினசரி டப்பாவுல பிரிச்சுப் போட்டு வச்சா குன்னூர் மழைக்கு ரெண்டே நாள்ல நிறம் மாற ஆரம்பிச்சிடும். நம்ம மாவட்டத்துல கடையில தர்றதும் பேப்பர் கவர்தான், அதுவும் நமுத்துப் போகும். அட்டையிலேயே விட்டு, மூடி இறுகுற டப்பாவுல வைங்க. அங்க போனதும் காருக்குள்ள விட்டுடாதீங்க, ஷார்ஜா வெயிலுக்கு அதுவும் தாங்காது.


பதில் 2: பல்_மருத்துவர்_ஊட்டி

மருந்துக்கடைக்கு வருவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய விஷயம் இது. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் "இந்தத் தேதியில் ஷார்ஜா போகிறேன்" என்று பல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் எந்த வேலை எந்த நாள், எந்த வலி மாத்திரை என்று அவர் முடிவு செய்ய முடியும்.

மூன்று வாரம் இருக்கிறது என்றால், பல் பிடுங்குவதையும் இம்பிளான்ட் வைப்பதையும் முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஐந்து நாள். தையல் பிரிப்பது 7 முதல் 10 நாளில். பல் பிடுங்கிய குழியில் ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிந்தால் கடும் வலி வரும், அது இரண்டு முதல் நான்கு நாளுக்குள் தலைகாட்டும். இவை எல்லாமே விமானத்துக்கு முன்பே கடந்துவிடும். அப்போது கையில் மிஞ்சுவது தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளும் நாலைந்து வலி மாத்திரைதான். பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். கல்யாணம், கோயில், சுற்றுலா எல்லாம் முடித்துக் கடைசி மூன்று நாளில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீங்கிய தாடையும் பை நிறைய மருந்துமாகக் கிளம்புகிறார்கள். சுங்கச் சிக்கலில் பெரும்பகுதி இந்தத் தேதிக் குழப்பத்தில்தான் பிறக்கிறது. ரூட் கெனாலை இரண்டாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது.

பிடுங்கிய அன்றே மலை இறங்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தால் ரத்தக்கட்டி பெயர்ந்துவிடக்கூடும்.

டிரமடோல் பற்றி: பல் வலிக்கு முதல் தேர்வு ஐபுப்ரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 500 மி.கி.யும் சேர்ந்ததுதான். பெரும்பாலான நோயாளிகளுக்கு டிரமடோல் போன்ற ஓபியாய்டு வகை (அபின் போலச் செயல்படும்) வலி மாத்திரை தேவையே இல்லை. ஆனால் உங்கள் அக்காவுக்கு பி.பி. இருக்கிறது. டெல்மிசார்டன் போன்ற மாத்திரையோடு, அதிலும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருந்தால், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் வகையைத் தொடர்ந்து போடுவது சிறுநீரகத்துக்குச் சுமை, பி.பி.யும் ஏறும். என்ன பி.பி. மாத்திரை என்று பெயரோடு சொன்னால், நாள் எண்ணிக்கையைக் குறைத்தோ பாராசிட்டமால் மட்டும் வைத்தோ எழுதுவார். வயிற்றுப்புண், ஆஸ்துமா இருந்தாலும் இதே கவனம் வேண்டும்.

நம் ஊர்க் கூட்டு மாத்திரைகளில் இன்னொரு ஆபத்து உண்டு. அசிக்ளோஃபினாக் மாத்திரைக்குள்ளேயே பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கிறது. அங்கே போய் வலி தாங்காமல் அந்த ஊர்ப் பாராசிட்டமாலையும் சேர்த்து விழுங்குவார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது, ஈரல் பாதிக்கப்படும். அதோடு, இந்தியப் பிராண்டு பெயரைச் சொன்னால் அங்குள்ள மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. சீட்டில் மருந்தின் மூலப்பெயரைப் பெரிய எழுத்தில், மி.கி. அளவோடு எழுதச் சொல்லுங்கள்.

சீட்டின் தலைப்பில் கிளினிக் முகவரி, மருத்துவர் பெயர், பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண், தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். எந்தப் பல்லுக்கு என்ன செய்தது என்று ஒரு வரி, ஒவ்வொரு மருந்தும் எத்தனை நாள், மொத்தம் எத்தனை என்பதும் வேண்டும்.

பெயரில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கிளினிக் பதிவில் "ஆர். செல்வி, 42" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயரோ கணவர் பெயரோ கூடவே வந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. முதல் நாளே பாஸ்போர்ட்டைக் காட்டி, அதில் உள்ளபடியே பதிவு செய்யச் சொல்லுங்கள்.


பதில் 3: கூடலூர்_ஷார்ஜா

பெரும்பாலானதை மேலே சொல்லிட்டாங்க. அமீரகப் பக்கம் உள்ளதை மட்டும் சொல்றேன்.

டாக்டர் கட்டாயம்னு சொல்லி கட்டுப்பாட்டு மருந்து எழுதியே ஆகணும்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே அமீரக அரசோட இணையதளத்துல, சொந்த உபயோகத்துக்கு மருந்து கொண்டு வர்ற அனுமதிக்கு விண்ணப்பிக்கணும். மருத்துவர் சீட்டு, மருத்துவ அறிக்கை, பாஸ்போர்ட் நகல், அங்க வசிக்கிறவங்கன்னா எமிரேட்ஸ் ஐடி கேட்பாங்க. அனுமதி கையில வந்த பிறகுதான் மருந்து பெட்டிக்குள்ள போகணும். இறங்கினதும் சுங்கத்துல பொருளை அறிவிக்கிறவங்க போற சிவப்பு வழியில போய் நீங்களாவே காட்டணும். "விண்ணப்பிச்சிருக்கேன், இன்னும் வரலை"ங்கிறது அங்க செல்லாது. நேர் விமானம் இல்லாம தோகா, மஸ்கட்னு மாறிப் போனா, இடையில இருக்கிற நாட்டோட சட்டமும் சேர்ந்துக்கும்.

மருந்து, சீட்டு, பில் மூணும் ஒரே உறையில, கைப்பையில. ஒரு நகலைப் பெட்டியிலயும், ஒரு படத்தை ஃபோன்லயும் வைங்க. பெட்டி தாமதமானாலும் பி.பி. மாத்திரை கையோட இருக்கணும். அதுக்கும் தனிச் சீட்டு வேணும், பல் டாக்டர் சீட்டுல அது இருக்காது.

மவுத்வாஷ் பாட்டில் 100 மி.லி.க்கு மேலன்னா கைப்பையில நிறுத்திடுவாங்க, பெட்டியில போடுங்க. இல்லன்னா விட்டுட்டே போங்க. வேளைக்கு 10 மி.லி., நாளைக்கு ரெண்டு தடவைன்னா 160 மி.லி. பாட்டில் எட்டு நாள்ல தீர்ந்துடும், இங்கயே முடிஞ்சிடும். குளோர்ஹெக்சிடின், பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மூணும் ஷார்ஜால எந்த ஃபார்மசியிலயும் சீட்டில்லாமக் கிடைக்கும். ஈறுல தடவுற ஜெல்லும் திரவக் கணக்குதான்.

முக்கியமான ஒண்ணு. அக்கா மருந்தை மறந்து விட்டுட்டுப் போயிட்டா, ஊர்ல இருந்து அடுத்து யாராவது போறாங்கன்னு கொடுத்தனுப்பாதீங்க. சீட்டு ஒருத்தர் பேர்ல, கொண்டு போறவர் வேற ஒருத்தர்னா மாட்டுறது அவர்தான். அதே மாதிரி, பக்கத்து ரூம்காரர் வீட்டுல இருந்து தர்ற மருந்துப் பொட்டலத்தை அக்காவும் வாங்கக் கூடாது. கூரியர்ல அனுப்புறதும் சரிவராது, அதுக்கு இறக்குமதி அனுமதி கேட்டு நிறுத்திடுவாங்க.

அம்மா கட்டிக் கொடுக்கிற பையையும் ஒரு தடவை பாருங்க. கசகசா அங்க போதைப்பொருள் கணக்கு. குருமாப்பொடி, மசாலாப்பொடில அரைச்சுச் சேர்த்திருந்தாலும் கொண்டு போகக் கூடாது. வாய் கொப்பளிக்க நாட்டு மருந்துக் கடையில பேப்பர்ல மடிச்சுத் தர்ற சூரணம், பேரில்லாத பொடின்னா வேண்டவே வேண்டாம். நீலகிரித் தைலம் தீப்பிடிக்கிற எண்ணெய், விமான நிறுவனத்தைக் கேக்காம வைக்காதீங்க.


பதில் 4: நரம்பியல்_செவிலியர்

ஃபார்மசிஸ்ட் சொன்ன 'என்' அடையாளம் நல்ல வழி. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. பிரீகாபலின் அதில் தப்பிவிடும். கீழ்த்தாடை இம்பிளான்ட்டில் நரம்பு பட்டு உதடு, தாடை மரத்துப்போனாலோ, முக நரம்பு வலி என்று சந்தேகப்பட்டாலோ பிரீகாபலின் 75 எழுதுவார்கள். சில நேரம் அது மீத்தைல்கோபாலமின் என்ற பி-12 வைட்டமினோடு சேர்ந்த மாத்திரையாக வரும். வாங்குபவர் "நரம்புச் சத்து மாத்திரை" என்றே நினைப்பார். அட்டையில் வெறும் 'ஆர்எக்ஸ்' குறிதான் இருக்கும். ஆனால் அமீரகத்தில் பிரீகாபலின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் போகக் கூடாது. பயத்துக்காக முதல் நாள் இரவு போடச் சொல்லி டயஸபாம், அல்பிரசோலாம் கொடுத்திருந்தாலும் மிச்சத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். கைப்பையின் ஓரத்தில் ஒரு மாத்திரை கிடந்தாலும் அது கணக்குதான். கிளம்புவதற்கு முந்தின நாள் பை, பர்ஸ், மருந்து டப்பா எல்லாவற்றையும் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.


கேள்வி: தேவாலா_டீ

இடையில கேக்குறேன், மன்னிக்கணும். தம்பி சிங்கப்பூர்ல, பெரியம்மா வீடு நுவரெலியால. ரெண்டு பக்கமும் இதே விதிதானா?


பதில்: ஃபார்மசிஸ்ட்_நீலகிரி

நாட்டுக்கு நாடு வேற. சிங்கப்பூர்ல சாதாரண மருந்து சொந்த உபயோகத்துக்கு மூணு மாத அளவு வரைக்கும் அனுமதி இல்லாம கொண்டு போகலாம். டயஸபாம் மாதிரி கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்துக்கிட்ட, போய்ச் சேர்றதுக்குக் குறைஞ்சது 10 வேலை நாளுக்கு முன்னாடி விண்ணப்பிக்கணும். நிமுசுலைடு இருக்கிற வலி மாத்திரையையும் தம்பிக்குத் தவிர்த்துடுங்க. ஈரல் பாதிப்புன்னு சிங்கப்பூர்ல 2007லயே அதோட விற்பனையை நிறுத்திட்டாங்க. அதைச் சாப்பிட்டு அங்க உடம்புக்கு ஏதாவது வந்தா டாக்டருக்கும் பழக்கமில்லாத மருந்தா இருக்கும். மலேசியா வழியாப் போறவங்க ஒரு மாத அளவுக்கு மேல எடுக்காதீங்க.

இலங்கைக்குப் பெரியம்மா கொண்டு போறப்போ பிரீகாபலின்ல கவனமா இருக்கணும். நம்ம பக்கத்துல இருந்து கடத்தல்ல அதுதான் அடிக்கடி பிடிபடுது, அதனால ரெண்டு அட்டையைப் பார்த்தாலே நிறுத்தி விசாரிப்பாங்க. ஆன்டிபயாடிக், சாதாரண வலி மாத்திரைக்கு சீட்டும் பில்லும் போதும்.


கேள்வி கேட்டவர்: கோத்தகிரி_குமார்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பல் வேலையை முதல் வாரத்துக்கே மாத்தச் சொல்லிட்டேன். ஒண்ணு மட்டும் பாக்கி. அங்க போன பிறகு வலியோ வீக்கமோ வந்தா, இங்குள்ள டாக்டர் வாட்ஸ்அப்ல சீட்டு அனுப்பினா அங்க மருந்து வாங்க முடியுமா?


பதில்: பல்_மருத்துவர்_ஊட்டி

முடியாது. அமீரகத்தில் ஆன்டிபயாடிக் சீட்டில்லாமல் கிடைக்காது, அந்தச் சீட்டும் அங்கே உரிமம் பெற்ற மருத்துவர் தந்ததாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் படம் ஆலோசனைக்கு மட்டும் உதவும். அதனால் அங்கே யாரிடம் போனாலும் உடனே புரியும்படி மூன்று காகிதத்தை இங்கிருந்தே வாங்கிப் போகச் சொல்லுங்கள்.

ஒன்று, சிகிச்சைச் சுருக்கம்: பல் எண், தேதி, செய்த வேலை, கொடுத்த மருந்து, எப்போது முடிந்தது, எதற்காவது ஒவ்வாமை உண்டா. இரண்டு, இம்பிளான்ட் பெட்டியில் ஒட்டி வரும் ஸ்டிக்கர். அதில் நிறுவனம், விட்டம், நீளம், லாட் எண் இருக்கும். ஸ்டிக்கர் பொதுவாக இரண்டு பிரதி வரும், ஒன்றைக் கேட்டு வாங்கினால் கொடுத்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் திருகு தளர்ந்தால்கூட எந்தச் சாவியைப் போடுவது என்று அங்குள்ளவர் தடுமாறுவார். மூன்று, எக்ஸ்ரே. அச்செடுத்த படத்தைவிட கோப்பாக மின்னஞ்சலில் வாங்குவது நல்லது, பெரிதாக்கிப் பார்க்க முடியும்.

வாய் திறக்க முடியாமல் போவது, காய்ச்சல், விழுங்கச் சிரமம், தாடைக்குக் கீழே வீக்கம் பரவுவது, இந்த நான்கில் எது வந்தாலும் இங்கே மெசேஜ் போட்டுக் காத்திருக்காமல் அங்கேயே அவசரப் பிரிவுக்குப் போகட்டும். இம்பிளான்ட்டின் மேல் தொப்பி வைக்க எலும்பு பிடிப்பதைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் ஆகும். அந்த இரண்டாம் முறைக்குப் பெரிதாக மருந்து இருக்காது, ஒரு வாரம் ஒதுக்கி வந்தால் போதும்.